நெய்வேலி சாம்பாரில் ஆப்பிள்

வெளிநாடு போய்வந்தவர்களிடம் எங்கள் டவுன்ஷிப்பில் யாரும் யந்திரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மேற்கு ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் பயிற்சி முடித்துவிட்டு வந்த என்னிடம், மண்வெட்டும் பெரிய சக்கர யந்திரத்தின் கியர் பெட்டியைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவர் என் மேலதிகாரி. கேட்பது அவருக்கு உத்தியோகக் கடமை. மற்றவர்கள் ஷிப்ட் பஸ்ஸிலும் பால் பூத்திலும் கல்யாணப் பந்தியிலும் என்னை மடக்கிச் சாப்பாட்டைத்தான் விசாரித்தார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் கேட்பவர்களிடம் காகிதத்தை நீட்டிவிடலாம் பாருங்கள்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று என் மனைவி செண்பகம் சொல்வாள். ரசத்தில் மிளகு அரைக் கொதி கூடினாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. இப்படிப்பட்ட ஆளை ஊர்விட்டு ஊர் அனுப்புவதில் உள்ள அபாயத்தை உணர்ந்துதான், என் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே சாம்பார் பொடியையும் துவரம்பருப்பையும் ஓர் உருண்டைப் புளியையும் அவள் வைத்து அனுப்பினாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி பொடியை முகர்ந்து பார்த்துத் தொடர்ந்து தும்மினார். பிறகு மரியாதையாக மூடிக் கொடுத்துவிட்டார்.

என்னோடு வந்தவர் தணிகாசலம். யந்திரத்தை ஓட்டுகிற ஆபரேட்டர். சுரங்கத்துக்காகக் குடும்ப நிலமும் வீடும் போய், குள்ளஞ்சாவடியில் குடியேறியவர். கான்ட்ராக்டில் மண் சுமந்து, பிறகு பெர்மனென்ட் ஆனவர். அவருக்கு நாக்கு நீளமுமில்லை, குட்டையுமில்லை. தட்டில் விழுந்தது எதுவானாலும் உள்ளே போகும். விடுதியில் முதல் நாள் இரவு குளிர்ந்த ரொட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டு, குளிர்ந்த வெள்ளரிக்காய் என்று வைத்தார்கள். அந்த ஊரில் ராத்திரிக்கு அடுப்பே மூட்டுவதில்லையாம். எனக்கு அழுகை வராத குறை.

"இன்னா சார் இது, நாம பழையத காலைல துன்றோம். இவங்க ராவுல துன்றாங்க. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு என் பங்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் சுரங்கத்தில் இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதே கரி வாசம், கரி சுமந்து ஓடுகிற அதே பெல்ட்டின் இரைச்சல், அதே மாதிரி ராப்பகலாய்த் தண்ணீர் இறைக்கிற பம்புகள். கண்ணை மூடிக்கொண்டால் நெய்வேலிதான். கண்ணைத் திறந்தால் மட்டும் எல்லோரும் சிவப்பாக இருந்தார்கள். மே மாதம் பிறக்கப் போகிறது, இன்னும் குளிர் விட்டபாடில்லை. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் தார்ச் சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

மதியம் கேன்டீனில் ஒரு விசேஷம் காத்திருந்தது. அங்கே ஒரு பலகாரம் உண்டு. அரைத்த இறைச்சி அடைத்த குழலைப் பொரித்து, துண்டு போட்டு, மேலே தித்திப்பான தக்காளிச் சாறு ஊற்றி, அதன்மேல் மஞ்சளாக ஒரு பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். பொடிக்குப் பெயர் 'கறி'. நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் சமையல்காரர் முகம் மலர்ந்து, எங்கள் தட்டில் மட்டும் பொடியை இன்னும் இரண்டு கை அள்ளித் தூவினார். உபசாரம் என்றால் உபசாரம். எங்கள் நாட்டில் கறிப் பொடி என்று ஒன்று வீட்டில் இருக்காது, ஒவ்வொரு குழம்புக்கும் ஒவ்வொரு பொடி என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். புறப்படுவதற்கு முன் டவுன்ஷிப்பில் எங்களுக்கு மொழி வகுப்பு நடத்தியிருந்தார்கள். அதில் உருப்படியாய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். அவர் உள்ளே போய் டப்பாவையே எடுத்துவந்து காட்டினார். அதன்மேல் புடவை கட்டிய பெண் ஒருத்தி கைகூப்பிக்கொண்டு நின்றாள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்பது அவர் பார்வை.

ஞாயிற்றுக்கிழமை கொலோன் நகரத்துக்குப் போனோம். மாதா கோயில் பார்க்க என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், அங்கே இந்திய ஓட்டல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதுதான் உண்மையான காரணம். உள்ளே நுழைந்தால் யானைப் படம், மயில் இறகு, சிவப்புத் திரை. பரிமாறியவர் ஒரு பஞ்சாபிக்காரர். முதலில் அப்பளம் வந்தது. அப்பளம் மட்டும். தொட்டுக்கொள்ள மாங்காய் ஜாம். பக்கத்து மேசையில் ஒரு ஜெர்மன்காரர் தன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "இது ரொட்டி இல்லை. முதலில் இதை உடைக்க வேண்டும். உடைக்கும் சத்தம் கேட்டால்தான் சமையற்கட்டில் சமைக்கத் தொடங்குவார்கள்." அந்த அம்மாள் பயபக்தியோடு உடைத்தாள்.

சாம்பார் உண்டா என்று கேட்டதற்கு, பருப்பு சூப் உண்டு என்றார் பஞ்சாபிக்காரர். கோழியோ ஆடோ காய்கறியோ, எதைக் கேட்டாலும் ஒரே சிவப்புக் குழம்பில்தான் மிதந்து வந்தது. காரம் என்பது பேருக்குக்கூட இல்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவர் கிட்டே குனிந்து இந்தியில் சொன்னார். வந்த புதிதில் தன் அம்மா கைப்பக்குவத்தில்தான் சமைத்தாராம். கடை காற்று வாங்கியதாம். குழம்பில் பாலாடை ஊற்றத் தொடங்கிய பிறகுதான் கல்லாவில் சத்தம் கேட்டதாம். அவர் வீட்டுக்குச் சமைப்பது வேறு, அது பின்கட்டில் சின்ன அடுப்பில் என்றார். அந்தச் சின்ன அடுப்பிலிருந்து எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க நா எழவில்லை.

திரும்பும்போது ஒரு கிராமத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். நாங்கள் நாலடி தூரத்தில் வரும்போதே பஸ் உறுமியது. வடலூர் முக்கூட்டில் ஓடிவருகிற ஆளைக் கண்டால் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்துவார், படியில் தொங்குகிறவர்கள் கை கொடுத்துத் தூக்கிக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையில் கையை ஆட்டிக்கொண்டு நடந்தோம். ஓட்டுநர் எங்களை நன்றாகப் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார், கதவை மூடிக்கொண்டு போயே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையின் கடைசி பஸ் அது. சாலையில் ஈ காக்கை இல்லை. பல வீடுகளின் கதவு ஜன்னல்கள் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தன.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னாப்பா, பஸ்ஸு பூட்ச்சா?"

திரும்பிப் பார்த்தால் ஆறடிக்குமேல் உயரமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். தணிகாசலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஹெல்மூட் என்று பெயர் சொன்னார். நெய்வேலியில் முதல் முதலாக யந்திரம் பூட்டியபோது ஃபிட்டராக வந்து, வருஷக்கணக்கில் குடும்பத்தோடு இருந்தவர். கூட வேலை செய்த ஆட்களிடம் கற்ற தமிழ். "வாங்க, வூட்டுக்குப் போலாம், துன்னுட்டுப் போலாம்" என்று முன்னால் நடந்தார். போகிற வழியெல்லாம் அவரும் தணிகாசலமும் ஒரே ஊர்ப் பேச்சாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமைத் தமிழ் பேசுகிற நான்தான் அந்த மூவரில் அந்நியன்.

அவர் வீடு என்றது ஒரு சத்திரம். கீழே சாப்பாட்டுக் கூடமும் பீர் விற்கிற இடமும், மேலே வீடு. நடத்துவது அவர் மகள் உர்சுலா. இருபத்தைந்து வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள், கைகளில் மாவு. அம்மா இறந்து சில வருஷங்களாயிற்றாம். நாங்கள் நெய்வேலி என்றதும் அவள் கண் விரிந்தது. அப்பாவுக்காக வைத்திருந்த பாத்திரத்தைச் சூடுசெய்து, எங்கள் எதிரில் பெருமையோடு வைத்தாள். "நெய்வேலி சாம்பார்" என்றாள்.

மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பருப்பு இருந்தது, பட்டாணிப் பருப்பு. உருளைக்கிழங்கு இருந்தது. பாலாடை இருந்தது. புளிப்புக்கு அந்த ஊரில் விளைகிற ஏதோ ஒரு சிவந்த தண்டு. இவற்றையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். கரண்டியில் அடுத்து வந்தது ஆப்பிள் துண்டு. சாம்பாரில் ஆப்பிள்! வேண்டுகிறவர்களுக்கு மேலே இறைச்சிக் குழலும் நறுக்கிப் போடுவாளாம். நான் வேண்டாம் என்றேன். தணிகாசலம் போடச் சொன்னார்.

எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். சூடாக இருக்கிறது என்றேன். ஹெல்மூட்டுக்குத் தமிழ்நாட்டு மரியாதை தெரியும். அவர் தாடையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். தணிகாசலமோ இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு, "இத எங்கியோ துன்னுகீறேன் சார்" என்று முணுமுணுத்தார். கேன்டீனில் தின்றிருப்பீர் என்றேன்.

பிறகுதான் உர்சுலா விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கிராமமே சுரங்கத்துக்குப் போகப்போகிறது. கொஞ்ச தூரம் தள்ளிப் புது ஊர் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு கிடைத்துவிடும். சத்திரத்துக்குச் சத்திரம் கிடைக்காது. புது ஊர்ச் சத்திரத்தைக் கட்டுவது ஒரு பீர் ஆலை. அதைக் குத்தகைக்குக் கேட்டு இவளோடு இன்னொருவரும் நிற்கிறார். வியாழக்கிழமைதோறும் இங்கே நெய்வேலிச் சாப்பாடு. அன்றைக்கு நெய்வேலியில் வேலைபார்த்துவிட்டு வந்த பழைய ஃபிட்டர்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் கூடுவதால் உட்கார இடம் கிடைக்காது. அதைக் காட்டித்தான் இவள் குத்தகை கேட்கிறாள். ஆனால் ஆலையின் அதிகாரிக்குச் சந்தேகம். கொலோனில் அவர் சாப்பிட்ட இந்தியக் குழம்பு சிவப்பாக இருந்ததாம், இவளுடையது மஞ்சள். நாளைக்கு நிஜ இந்தியன் எவனாவது வந்து சிரித்துவிட்டுப் போனால் ஆலையின் பெயர் கெடும் என்கிறார். வருகிற வியாழக்கிழமை அவரே வந்து பார்க்கப் போகிறார். பயிற்சிக்கு வந்திருக்கிற இரண்டு இந்தியர்களைக் கூப்பிட்டு, சாப்பிட வைத்து, அவர்கள் வாயால் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.

"இங்க நெலத்த எடுத்துகினா வூட்டுக்கு ஒரு வேல குடுப்பாங்களா?" என்று, நான் தமிழில் சொல்லக் கேட்ட தணிகாசலம் ஹெல்மூட்டைக் கேட்டார். இல்லை என்றார் அவர். "அப்ப இந்தக் கட போனா இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டுத் தணிகாசலம் என்னைப் பார்த்தார். தன் வீட்டைக் காலி செய்த நாளைப் பற்றி அவர் ஒருபோதும் என்னிடம் பேசியதில்லை. அதை அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன்.

எனக்குத் தர்மசங்கடம். அந்தப் பெண் பிழைக்க வேண்டும் என்று மனது சொல்கிறது. ஆப்பிள் போட்டதை சாம்பார் என்று பத்துப் பேர் எதிரில் சொல்ல நாக்கு மறுக்கிறது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பெட்டியில் செண்பகம் கொடுத்த பொடி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, புளி இருக்கிறது. வியாழக்கிழமைக்கு நிஜ சாம்பாரே வைத்துவிடலாம், பிறகு சத்தியம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். உர்சுலா ஒரு கணம் தயங்கிவிட்டு, சரி என்றாள். பயத்தில் இருப்பவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.

வியாழக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் அவள் சமையற்கட்டில் இறங்கினோம். நான் கட்டளை, தணிகாசலம் காரியம். அவர் கான்ட்ராக்டில் இருந்த காலத்தில் கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டவர். வெங்காயம் நறுக்கினார், புளி கரைத்தார், கடுகு வெடித்தபோது உர்சுலா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசம் எழுந்தது பாருங்கள், எனக்கு எங்கள் பிளாக்கின் மாடிப்படியில் நிற்பது போலவே ஆகிவிட்டது. அப்பாவுக்கு இப்போதெல்லாம் காரம் ஒத்துக்கொள்ளாது என்று அவள் மட்டும் பின்னடுப்பில் வழக்கமான குண்டானையும் ஏற்றினாள். கிண்டிக்கொண்டே, தன் அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நெய்வேலி வீட்டில் சமைத்த மாணிக்கம் என்று சொன்னாள். அவர் முந்திரியை அரைத்து ஊற்றுவாராம், பலாச்சுளை நறுக்கிப் போடுவாராம். இங்கே முந்திரி யானை விலை, அதனால் பாலாடை. பலாப்பழத்துக்கு எங்கே போவது, அதனால் ஆப்பிள்.

பெயர் காதில் விழுந்ததும் தணிகாசலம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாணிக்கமா? நெத்தில தழும்பு இருக்குமே, அவரா?"

நான் மொழிபெயர்த்ததும் உர்சுலா ஹெல்மூட்டை அழைத்தாள். ஹெல்மூட் வந்து, ஆமாம், தழும்பு உண்டு என்றார்.

"அது எங்க சித்தப்பாங்க! தொர வூட்ல சமைச்சிகினு இருந்தாரு. மிச்சத்த எடுத்துகினு வருவாரு, நாங்க புள்ளைங்கல்லாம் குந்திகினு துன்னுவோம். பலாச்சொள போட்டது. அதான் சார் நான் அன்னிக்கே சொன்னேன், எங்கியோ துன்னுகீறேன்னு."

அதற்குப் பிறகு அந்தச் சமையற்கட்டில் கொஞ்ச நேரம் எந்த வேலையும் நடக்கவில்லை. ஹெல்மூட் தணிகாசலத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். உர்சுலா மாணிக்கத்தின் உடம்பு எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுத் துளைத்தாள். எனக்கு மட்டும் மனதில் ஒரு முள். சாம்பாரில் ஆப்பிள் போட்டது இவர்கள் குற்றம் என்றால், பழத்தையும் முந்திரிப் பாலையும் முதலில் போட்டது நம் ஆள். எங்கள் டவுன்ஷிப்பிலேயே நடந்திருக்கிறது. ஆனாலும் என் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, என் ரோஷமும்.

மாலையில் கூடம் நிரம்பியது. தலை நரைத்த ஃபிட்டர்கள், அவர்கள் மனைவிகள், பேரக் குழந்தைகள். ஆலை அதிகாரி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மேசையில் உட்கார்ந்தார். உர்சுலா முதலில் என் சாம்பாரைப் பரிமாறினாள். நான் கைகட்டிக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

முதல் இருமல் ஜன்னலோர மேசையில் கேட்டது. பிறகு நாலாபக்கமும். தண்ணீர் ஜாடிகள் காலியாயின. ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. தட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து மேசை நடுவுக்கு வந்தன. உர்சுலா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதிகாரி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடித்த பழைய ஃபிட்டர் ஒருவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். இதை வைத்தது நீங்களா என்றார். ஆமாம் என்றேன்.

"ஐயா, நான் நெய்வேலியில் நாலு வருஷம் இருந்தவன். நெய்வேலிச் சாப்பாடு எனக்குத் தெரியும். இது நெய்வேலி இல்லை."

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வாங்கி, அங்கேயே பிள்ளை பெற்ற என்னிடம் இதைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. என்னை அடக்கிக்கொள்ளப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குள் ஹெல்மூட் உள்ளே போய்ப் பின்னடுப்புக் குண்டானைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது, ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள். அதிகாரி இரண்டு தட்டுகளையும் என் முன்னால் நகர்த்தினார். இரண்டில் எது இந்தியச் சாப்பாடு, நீங்களே சொல்லுங்கள் என்றார். இந்தப் பதிலில்தான் தன் குத்தகை இருக்கிறது என்பது உர்சுலாவுக்கு விளங்காமலில்லை. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

நான் எங்கள் பிளாக்கை நினைத்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் சாம்பாரில் தேங்காய் கடலளவு. மாடிவீட்டுக் கும்பகோணத்தார் சாம்பாரை ரசம் என்றே நான் பல நாள் நினைத்திருந்தேன். என் வீட்டில் அம்பாசமுத்திரம். எல்லோரும் வேலைக்கு வரும்போது பெட்டி படுக்கையோடு சாம்பாரையும் கொண்டுவந்தவர்கள்.

"என் தட்டில் இருப்பது என் சொந்த ஊர் சாம்பார்" என்றேன், தெரிந்த ஜெர்மனில் தட்டுத் தடுமாறி. "நெய்வேலிக்கு என்னைவிட வயது குறைவு. அங்கே இருக்கிற எல்லோரும் வெளியூர் சாம்பார்தான் வைக்கிறோம். நெய்வேலியிலேயே பிறந்த சாம்பார் ஒன்று உண்டு என்றால், அது இந்தக் குண்டானில் இருப்பதுதான். முதன்முதலில் இதை வைத்தவர் இந்த நண்பரின் சித்தப்பா. இது இந்தியச் சாப்பாடா என்று என்னைக் கேட்காதீர்கள். இது நெய்வேலிச் சாப்பாடு. அதற்கு நான் சாட்சி."

முதலில் ஹெல்மூட் மேசையைக் கை முட்டியால் தட்டினார். பிறகு எல்லோரும். அவர்கள் ஊரில் கைதட்டுவது அப்படித்தான். தணிகாசலத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். அதிகாரி தன் தட்டில் கிடந்த கடைசி ஆப்பிள் துண்டைக் குத்தி எடுத்துத் தின்றுவிட்டு, உலகத்தில் வேறு எங்கே இது கிடைக்கும் என்று கேட்டார். எங்கேயும் கிடைக்காது, நெய்வேலியில்கூட இப்போது இல்லை என்றேன். அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார். புதுக் கூடத்தில் எத்தனை மேசை போடலாம் என்று நினைக்கிறீர்கள் என்று உர்சுலாவைக் கேட்டார். அவள் சமையற்கட்டுக்குள் ஓடிப்போனாள். ஹெல்மூட்தான் அவளுக்குப் பதிலாகக் கணக்குச் சொன்னார். என் சாம்பார் முழுவதும் மிச்சம். அடுத்த நாலு நாளும் நானும் தணிகாசலமும் விடுதியில் அதைச் சூடாக்கிச் சூடாக்கி ரொட்டியோடு சாப்பிட்டுத் தீர்த்தோம். எனக்கு அது அமிர்தம்.

நெய்வேலி திரும்பிய பிறகு, ஒரு விடுமுறை நாளில் தணிகாசலம் என்னைக் குள்ளஞ்சாவடிக்கு அழைத்துப்போனார். கடைத்தெரு முனையில் மாணிக்கத்தின் டிபன் கடை. நெற்றித் தழும்போடு, தோளில் துண்டோடு, தோசை திருப்பிக்கொண்டிருந்தார். தணிகாசலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கூட்டத்தை, குண்டானை, நான் சாட்சி சொன்னதை. மாணிக்கம் தோசைக்கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார். ஒரு தோசை கருகியதுகூடத் தெரியவில்லை.

"அதப் போயி சாம்பாருன்னு சொல்லி விக்கிறாங்களா?" என்றார் கடைசியில். "அது சாம்பாரே இல்லீங்களே."

பின்னே என்ன என்றேன். வெள்ளைக்காரர்களுக்குக் காரம் ஆகாது என்று வைத்ததுதானே?

"யாரு சொன்னாங்க? தொரைக்கும் அம்மாவுக்கும் நம்மள மாரி காரம் கேக்கும். அந்தப் பாப்பாதான். நாலு வயசு இருக்கும். சோறு வெச்சாலே அழுதுகினு ஓடிப்பூடும், எளச்சுப் போயி எலும்பா கெடந்துது. பலாச்சொளன்னா உசுரு. அதான் பருப்புல அதப் போட்டு, முந்திரி அரச்சி ஊத்தி, ஏமாத்தி ஊட்டுனேன். அது துன்னுதேன்னு வூடே அதத் துன்ன ஆரம்பிச்சிட்டாங்க. அப்பால மத்த தொர வூட்லயும் கேட்டாங்க."

நானும் தணிகாசலமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாப்பாதான் இப்போது சத்திரம் நடத்துகிறாள், அதை வைத்துத்தான் அவளுக்குப் புது ஊரில் இடம் கிடைத்தது என்று நான் சொன்னேன்.

மாணிக்கம் கருகிய தோசையை வழித்து எறிந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொள்ளும்படி துடைத்தார்.

"இப்ப நல்லா துன்னுதா?" என்று கேட்டார். "ஒடம்பு வெச்சிருக்குதா?"